தண்ணி விடுகிறவர் லீவில் போனபோது

உள்ளாட்சியை எப்படிச் சரி செய்வது என்று யார் பேச ஆரம்பித்தாலும் எனக்கு இப்போதெல்லாம் ஓர் ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் பகுதிக்குத் தண்ணி விடுகிறவர். ஊர்ப் பெயர் வேண்டாம். வேலூருக்கு பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கும் ஒரு நகராட்சி, வட ஆற்காட்டில் எந்த ஊரை மனதில் வைத்துப் படித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. மனிதருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், அதில் சாய்த்துக் கட்டிய நீளமான இரும்புச் சாவி, சட்டைப் பையில் பட்டன் போன். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி அவர் சுற்றிவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுச் சம்பில் சத்தம் கேட்கும். தெருவே அவரைத் தண்ணிக்காரர் என்றுதான் சொல்லும். நகராட்சியின் சம்பளப் பட்டியலில் அவர் கிடையாது. ஒப்பந்தக்காரரின் ஆள், அந்த ஒப்பந்தக்காரரும் டெண்டருக்கு டெண்டர் மாறுவார்.

போன கோடையில் அவருக்கு ஹெர்னியா ஆபரேஷன். அவருக்குப் பதிலாக ஒரு பையன் வந்தான். நல்ல பையன், பாலிடெக்னிக் முடித்தவன். வால்வு எங்கெங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அதாவது மூடி கண்ணுக்குத் தெரிகிற இடங்களில். (ரோடு போடும்போது மேலே பூசி மறைத்துவிட்ட வால்வுகள் தனிக் கணக்கு.) கண்ணில் பட்டதையெல்லாம் முழுசாகத் திறந்துவிட்டான். தண்ணிக்கு மேடு பள்ளம் தவிர வேறு நியாயம் தெரியாது, எல்லாம் பள்ளத்துத் தெருக்களுக்கு ஓடியது. அங்கே சம்பு வழிந்து சாக்கடையில் போய்க்கொண்டிருக்க, மேட்டுத் தெருவில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மே மாதம், வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லாரித் தண்ணிக்குப் போன் போட்டால் நாளைக்கு என்றார்கள், கேன் போடுகிற கடையில் கூட்டம். ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு மேட்டுத் தெருக்காரர்கள் சிலர் அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள், நானும் கூடப் போனேன்.

அங்கிருந்த பொறியாளரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. குடிநீர், ரோடு, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் அவர் ஒருவர் மேசைக்குத்தான் வருகிறது. நாங்கள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, எங்கள் முன்னாலேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் வார்டு கட்டிலில் படுத்திருந்த தண்ணிக்காரர். "அண்ணா, மேட்டுத் தெருவுக்கு எவ்ளோ சுத்து வெக்கணும்?" என்று பொறியாளர் கேட்கிறார். "அத்த மொதல்ல தொறக்காத சார். கோயிலாண்ட கீற வால்வ மூடச் சொல்லு. முழுசா மூடாத, ரெண்டு சுத்து வுட்டுடு. அப்பால பெரிய தெருவுல ஏழு. டேங்க்ல பாதி இறங்கினப்புறம்தான் மேல போவணும், இல்லன்னா ஏறாது." பொறியாளர் ஒரு பழைய டெண்டர் நோட்டீசின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அந்தக் காகிதத்தைத் தவிர எங்கள் பகுதியின் தண்ணீர் விநியோகத்துக்கு எழுத்து ஆவணம் என்று எதுவும் கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர்

பாலாறு, தோல் கழிவு, மணல், இதையெல்லாம் இங்கே திரும்ப விரிக்கப் போவதில்லை. வேலூரைப் பற்றி நான்கு வரியில் சொல்லும் அந்தப் பழைய கேலியையும் விட்டுவிடலாம், அதில் நீரில்லாத ஆறு என்கிற வரி மட்டும் இன்றைக்கும் உறுத்தும். பாலாற்றில் கலந்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில்தான், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைகளை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு. ஆறு என்னவோ 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது கரைபுரண்டு எல்லோரையும் பாலத்துக்கு ஓடவைத்து செல்ஃபி எடுக்கவைத்துவிட்டு மறுபடி மணலும் முள்ளுமாகப் படுத்துவிடுகிறது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த நாம் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம்.

அது பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இத்தனை மாவட்டம் தாண்டி, மேடேற்றி, தண்ணீரை ஓர் ஊரின் தொட்டிவரை கொண்டுவந்து சேர்க்க நமக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டியிலிருந்து கடைசித் தெருவரை கொண்டுபோகத்தான் தெரியவில்லை. பணம் எங்கே போகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். வேலூர் 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை, சேலம், தஞ்சாவூரோடு சேர்ந்து இடம்பிடித்தது. தேர்வான ஊர்களில் பாதிப் பணம் மத்திய அரசு, பாதி மாநிலம். அதில் நடந்த நல்ல வேலைகளும் இருக்கின்றன. ஆனால் 2022இல் வேலூர் நாடு முழுக்கப் பேசப்பட்டது வேறு காரணத்துக்காக. தெருவில் நின்றிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள், இன்னோர் இடத்தில் அடிபம்பைச் சேர்த்துக் கால்வாய்ச் சுவரைக் கட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம், நானும் அந்தப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். வேலை செய்ய வந்த கூலிக்காரர்களுக்கு அந்தத் தெருவில் யாரையும் தெரியாது, பைக் யாருடையது என்று கேட்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. தெருவைத் தெரிந்த ஒருத்தர் அங்கே நின்றிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கிற விஷயம்.

இதை ஒப்பந்தக்காரர் குற்றம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை, தனி அலுவலர்கள்தான். கவுன்சிலர்களைப் பற்றி நமக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தச் சந்தில் மழைக்கு முட்டியளவு நிற்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். ஓர் ஊர் தன்னைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது இப்படி ஆட்களின் தலைக்குள்தான் இருக்கிறது. அந்த ஆட்களை நாம் ஒவ்வொருவராக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

"எழுதிக் குடுத்துட்டா அப்பால நான் எதுக்கு?"

தண்ணிக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் பார்க்கப் போனேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், வழக்கம்போல. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கனமான எதையும் மூன்று மாதத்துக்குத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சாவியின் கனம் எனக்குத் தெரியும். பேச்சுக்கு நடுவில் நான் ஆர்வமாகச் சொன்னேன்: "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேன் அண்ணா. எந்த வால்வு, எத்தனை சுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நேரம். ஒரு மேப்பே போட்டுடலாம். ஆபீஸ்ல குடுத்துட்டா இனிமே இந்த மாதிரி ஆவாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "எழுதிக் குடுத்துட்டா அப்பால நான் எதுக்கு தம்பி?"

நான் பேசாமல் இருந்ததால் அவரே தொடர்ந்தார். ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவர் முதலில் செய்வது பழைய ஆட்களைக் கழித்துவிட்டுத் தன் ஆட்களைப் போடுவது. இவரோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், ஒருத்தர் இப்போது செக்யூரிட்டி, ஒருத்தர் ஆட்டோ. இவரை மட்டும் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள். "என் மூஞ்சிக்காவா வச்சிகினு கீறாங்க? நான் போய்ட்டா ஊர்ல தண்ணி வராது, அதான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்தப் பாலிடெக்னிக் பையனுக்குக்கூட எல்லாவற்றையும் சொல்லித் தரவில்லை என்றார். தேவையானதை மட்டும் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்தும் இது என்னை விடவில்லை. நம்மில் பலர், நானும் சேர்த்துத்தான், வெளிப்படைத்தன்மை வந்துவிட்டால் உள்ளாட்சி சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது, அதன் 4ஆவது பிரிவு பொது அமைப்புகள் தம்மிடமுள்ள முக்கியத் தகவல்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. சரி, அலுவலகத்தில் இல்லவே இல்லாத ஒரு காகிதத்தை எந்தப் பிரிவு வெளியிடும்? யாரும் மறைக்கவில்லை, எழுதப்படவே இல்லை. எழுதத் தெரிந்த ஒரே ஆளுக்கு அதை எழுதாமல் இருப்பதுதான் பி.எஃப்., பென்ஷன் எல்லாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

2022 அக்டோபரில் வந்த அரசாணை 152ஐ எதிர்த்து உள்ளாட்சி ஊழியர் சங்கங்கள் போராடியது பலருக்கு நினைவிருக்கும். சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி, கடைநிலை வேலைகளை வெளியாட்கள் வழியாகச் செய்துகொள்ள வழிவிட்ட ஆணை. அதை நான் அப்போது சம்பளப் பிரச்சினையாக மட்டும்தான் படித்தேன், தொழிலாளர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்துவிட்டுச் செய்தியைப் புரட்டிவிட்டேன். திண்ணைப் பேச்சுக்குப் பிறகு அது ஊர்க்காரர்களின் பிரச்சினையாகவும் தெரிகிறது. நிரந்தர ஊழியருக்குத் தெரிந்தது அலுவலகத்தின் சொத்தாகச் சேரும், ஒப்பந்த ஊழியருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடும், அல்லது அதைக் காட்டி அவர் பேரம் பேச வேண்டியிருக்கும். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக ஏட்டில் எழுதுகிறார்கள். அந்த மே மாதம் மேட்டுத் தெருவில் லாரித் தண்ணிக்குக் கொடுத்த காசு எந்த ஏட்டிலும் வராது.

புது மனைகள்

இன்னொன்றும் அன்று சொன்னார். அவருடைய தலைவலியில் பாதி, ஊர் ஓரத்தில் முளைத்த 'நகர்'களால் வந்ததாம். ஏரி ஓரம், கொல்லை நிலத்தில், கல்லு நட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி, 'நகராட்சிக் குடிநீர் வசதியுண்டு' என்று போர்டு வைத்து விற்ற மனைகள். அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை 2016இல் உயர் நீதிமன்றம் நிறுத்தியது, ரியல் எஸ்டேட்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள், 2017இல் அரசு விதி கொண்டுவந்து 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தியது. மனை வாங்கியவர்கள் பாவம், வேறு வழியில்லை. கடன் வாங்கி, நகையை வைத்து வாங்கிய இரண்டு சென்ட். அவர்களை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் வரன்முறைக் கட்டணத்தோடு வளர்ச்சிக் கட்டணமும் வாங்கினார்களே, அந்தப் பணத்துக்கு ஈடாகத் தொட்டியின் கொள்ளளவு ஒரு லிட்டராவது கூடியதா? பழைய குழாயின் கடைசி முனையில் இன்னொரு குழாயை ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், இல்லாத ஊர்களில் 70 லிட்டர் என்பது மத்திய அரசு 1999 கையேட்டில் வைத்த அளவுகோல். அந்த 70ஐ எத்தனை தலைக்குப் பிரிக்கிறோம் என்று யாராவது திரும்ப எண்ணினால்தானே அளவுகோலுக்கு அர்த்தம். மனைக்கு அனுமதி கொடுப்பது ஒரு மேசை, இணைப்பு கொடுப்பது இன்னொன்று, தண்ணி விடுவது மேசையே இல்லாத ஒரு மனிதர். இப்போது 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்களுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி. லஞ்சமும் அலைச்சலும் குறையும் என்பதால் நான் அதை வரவேற்கிறேன். அனுமதி கிடைக்கிற வேகத்துக்குக் குழாய் ஈடு கொடுக்குமா என்பதுதான் என் கவலை.

நான் கேட்பது

நான் கேட்பது ரொம்பப் பெரியது இல்லை. முதலில் தண்ணி விடுகிறவரை நிரந்தரமாக்குங்கள். எல்லா வேலையையும் நிரந்தரமாக்க முடியாது என்றால் வால்வு ஆட்கள், சாக்கடை அடைப்பு தெரிந்தவர்கள், தெருவிளக்கு லைன் தெரிந்தவர்கள், இவர்களை மட்டுமாவது. அதற்கு அப்புறம்தான் எழுதச் சொல்ல வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் மேப் வாங்கிக்கொண்டு பிறகு வேலையைப் பற்றி யோசிக்கிறோம் என்றால் அவர் பாதி மேப்தான் தருவார், தரவும் வேண்டும். ஒடிசாவில் பூரி நகரத்தில் 2021இல் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது, ஜலசாதி என்று பெயர் கொடுத்து அந்தந்தப் பகுதிச் சுயஉதவிக்குழுப் பெண்களையே வீடு வீடாகப் போகவைத்து, மீட்டர் பார்க்கவும் தண்ணீரைச் சோதிக்கவும் பில் வசூலிக்கவும் வைத்து, அதில் அவர்களுக்கு ஒரு பங்கும் கொடுத்தது. தெருவைத் தெரிந்த ஆளுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். நம் மகளிர் குழுக்களுக்கு இதைவிட அனுபவம் அதிகம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 2022இல் சொத்துவரியை உயர்த்தியபோது வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம்வரை, சென்னையில் அதற்கும் மேலே, ஏற்றினார்கள். கட்டினோம், கட்டிக்கொண்டும் இருக்கிறோம். 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்துத்தான் வந்தது. ஆக, குடிநீர் என்ற தலைப்பில் பணம் வருகிறது. அது குழாயாகவும் மோட்டாராகவும் மட்டும்தான் செலவாகிறது, ஏனென்றால் குழாய்க்கு டெண்டர் விடலாம். ஆளுக்குச் சம்பளம் போட்டால் திறப்பு விழா வைக்க முடியாது என்பது என் சந்தேகம்.

அடுத்தது பகுதி சபை. கிராமசபை மாதிரி நகரங்களிலும் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதன்முதலாகக் கூட்டினார்கள். நல்ல விஷயம், நானும் போனேன். மைக், சால்வை, டீ, மிக்சர், நடுவில் பத்து நிமிஷம் குறைகள். ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசல் பிரச்சினையைச் சொன்னோம், ஒருத்தர் எழுதிக்கொண்டார். அந்தச் சபையின் முன்னால் ஒரு காகிதம் வைக்கப்பட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்: போன மூன்று மாதத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் தண்ணி விட்டோம் என்று ஒரே ஒரு பக்கம். என் வாசல், உன் வாசல் என்று பிரிந்து கத்துவதற்குப் பதிலாக மேட்டுத் தெருவும் பள்ளத்துத் தெருவும் ஒரே கணக்கைப் பார்த்துச் சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டைதான் வேண்டும். புது நகருக்கு இணைப்பு கொடுக்கலாமா, தொட்டி கட்டிவிட்டுக் கொடுக்கலாமா என்பதையும் அந்தச் சபை கேட்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பெரியவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் எழுதியவரைக்கும் அவரிடம் படித்துக் காட்டினேன். நிரந்தரமாக்கினால் அந்த ஆள் வண்டியை எடுக்கவே மாட்டான் என்றார் முதலில். அது அவர் தலைமுறையின் வழக்கமான பேச்சு, நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவதாக ஒன்று சொன்னார், அதுதான் யோசிக்க வைக்கிறது. "நேரத்த எழுதி ஒட்டினா யாருக்கு லாபம்னு பாருப்பா. இப்பவே பாதி வீட்ல மோட்டார வச்சி லைன்லேந்து நேரா உறிஞ்சறான். எந்நேரம் தண்ணி வரும்னு கரெக்டா தெரிஞ்சா, டைமர் வச்சி உறிஞ்சுவான். கடைசி வீட்டுக்காரனுக்கு இப்ப வர்றதும் வராது."

இதற்கு மீட்டர் வைத்தால் போதும் என்று உடனே சொல்லிவிட்டேன். மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை கட்டுகிறவரை உறிஞ்சுகிறவனுக்கு நஷ்டமே இல்லை, மீட்டர் ஓடினால் கை தானாக அடங்கும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டர் காற்றுக்கும் ஓடும், முதலில் தண்ணி வரட்டும், அப்புறம் மீட்டர் பேசலாம் என்கிறார். தெருவின் கடைசி வீட்டில் மட்டும் அழுத்தம் காட்டும் ஒரு கருவியை மாட்டி, அங்கே தண்ணி வந்த நேரத்தைத்தான் அந்தத் தெருவின் கணக்காக எழுத வேண்டும், அப்படி எழுதினால் வழியில் உறிஞ்சுகிறவன் யார் என்று தெருவே தேடிப் பிடித்துவிடும் என்பது அவர் யோசனை. எனக்கு அது பிடித்திருக்கிறது. எங்கள் தெருவில் கடைசி வீடு வாடகை வீடு, வீட்டுக்காரர் பெங்களூரில் இருக்கிறார், அவரைக் கேட்டுச் சொல்வதாகக் குடியிருப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.